சுவருக்கு மேலே வந்த ரொட்டி

நான் விழுந்த அன்று மழை விட்டிருந்தது. ஆனி மாதம் முழுக்கக் கொட்டிய மழையில் ஒரு நாளும் சறுக்காதவள், மேகம் விலகி வெயில் எட்டிப்பார்த்த ஒரு மத்தியானத்தில் சறுக்கினேன். மஸ்கெலியாவுக்கு மேலே, நான் வாழ்க்கைப்பட்டு வந்த தோட்டத்திலேயே ஆகச் செங்குத்தான மலை அது. மழைத்தண்ணீர் வடியக் குறுக்கே வெட்டியிருந்த கானைத் தாண்டுவதற்குக் காலைத் தூக்கினேன். முதுகில் இருந்த நிறைகூடை பின்னுக்கு இழுத்தது. கால் கானுக்குள் இறங்கியது, உடம்பு வேறு பக்கம் போனது. காய்ந்த தேயிலைக் குச்சியை முறித்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். அது என் காலிலிருந்து வந்தது என்பதே எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

கங்காணி மேலிருந்து ஓடி வந்தார். "கொழுந்து கொட்டிப்போச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு என் பாதம் திரும்பியிருந்த விதத்தைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

கம்பளியைத் தொட்டில் மாதிரி கம்பில் கட்டி என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தோட்டத்து மருந்துக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு, இது நம் கையில் இல்லை என்று சொல்லி, தேயிலைப் பெட்டி ஏற்றிப்போகும் லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அங்கே தொடையிலிருந்து கால்விரல் வரை மாவுக்கட்டுப் போட்டு, டொக்டர் சொல்லும்வரை அந்தக் கால் தரையில் படக் கூடாது என்றார்கள். எப்போது சொல்வார் என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. பிறந்தது இறம்பொடைப் பக்கம். கல்யாணத்துக்கு வந்த பஸ் பயணத்துக்குப் பிறகு அம்மா வீட்டை நான் பார்க்கவில்லை. இங்கே லயம் என்கிற வரிசைவீட்டில் ஒரு காம்பரா, அதில் நான், என் வீட்டுக்காரர், மாமி. காம்பராவுக்கு ஒரே கதவு. ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்தால் இஸ்தோப்பு என்று சொல்கிற சின்னத் தாழ்வாரம், அதன் மூலையில் அடுப்பு. வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த வரை அந்த அறை எனக்குச் சின்னதாகத் தெரிந்ததே இல்லை. படுக்க மட்டும் வருகிற இடம் எவ்வளவு சின்னதாக இருந்தால் என்ன?

இப்போது விடிந்தது முதல் அடையும்வரை அதுதான் உலகம் என்று ஆனது. விடியும் முன்பே மாமியும் வீட்டுக்காரரும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். மாமிக்குக் கொழுந்து, அவருக்குச் செடியைத் தறிக்கிற கவ்வாத்து வெட்டு. போகும் முன்பு மாமி என் கைக்கு எட்டுகிற தூரத்தில் எல்லாவற்றையும் வைப்பார். ஒரு ரொட்டி, ஒரு குடம் தண்ணீர், ஒரு டம்ளர், பிறகு ஒரு தகரவாளி. அந்த வாளியைப் பற்றி இவ்வளவு வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது. சாயந்திரம் மாமிதான் அதை எடுத்துக்கொண்டு போவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் ஒரு நாளும் பேசாமல் எடுத்ததும் இல்லை.

"ஒரு காலு ஒடஞ்சதுக்கு ரெண்டு கண்ணும் அழுவுதாக்கும்" என்பார்.

சாரல் உள்ளே அடிக்கிறது என்று கதவைச் சாத்தி, காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க வெளியே கயிறு மாட்டிவிட்டுப் போவார். அடுப்பில் காலையில் எரிந்த ஈரவிறகின் புகை உள்ளேயே நிற்கும். கூரைத் தகரத்தில் மழை அடிக்கும் சத்தத்தில் என் இருமல் எனக்கே கேட்காது. படுத்த இடத்திலிருந்து தகரத்தில் இருந்த ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எது துருப்பிடித்தது, எதில் சொட்டு கட்டுகிறது, எந்தச் சொட்டு எப்போது விழும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

வீட்டுக்காரர் அதிகம் பேசாத ஆள். நான் வதங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை கவ்வாத்துக் கத்தியின் முனையால் கதவில் குடைய ஆரம்பித்தார். தடிமனான பலகை. நெற்றியெல்லாம் வியர்வை. கடைசியில் நான் படுத்திருந்தால் கண்ணுக்கு நேராக வருகிற உயரத்தில் ஒரு ஓட்டை விழுந்தது.

"பாரு" என்றார்.

பார்த்தேன். கான் தெரிந்தது. கானுக்கு அந்தப் பக்கம் அடுத்த லயத்தின் பின்சுவர். சுவரில் சாய்த்திருந்த ஒரு கிழிந்த கூடை. அவ்வளவுதான். யாராவது நடந்து போனால் முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரியும். ஆனாலும் எனக்கு அது போதுமாக இருந்தது. சில நாளிலேயே கால்களை வைத்து ஆட்களைச் சொல்ல முடிந்தது. தபால்காரர் இடதுகாலைக் கொஞ்சம் இழுப்பார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேண்டுமென்றே கானுக்குள் இறங்கி நடப்பார்கள். இதையெல்லாம் சாயந்திரம் அவரிடம் சொன்னால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். கொஞ்சம் சிரிக்கவும் செய்வார்.

அந்தச் சந்தோஷத்துக்கும் ஆயுசு கம்மி. லயங்களைப் பார்வையிட வந்த கண்டாக்கையா கதவைப் பார்த்துவிட்டார். வெளிவேலைக்கு அவர்தான் மேலாள். தொரைக்கு அடுத்தபடி நாங்கள் பயந்தது அவருக்குத்தான்.

"தோட்டத்துக் கதவுல ஓட்ட போட்டது யாரு?"

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காலுடைந்த பெண்சாதி வெளியே பார்க்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று சாயந்திரமே பிஸ்கட் டின்னின் மூடி ஒன்றைத் தன் கையாலேயே ஓட்டையின்மேல் வைத்து ஆணி அடித்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே எழுப்பிய சுவர் கூரைவரை போகாது. மேலே கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனை, இருமல், சண்டை, எல்லாம் அது வழியாக வரும். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தார். கொஞ்ச நாள் முன்புதான் மூன்றாவது பிள்ளை பிறந்து, வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். புருஷன் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. மூத்தது இரண்டும் பகலில் வீட்டில் இருக்காது. ஆக அந்தச் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி, இந்தப் பக்கமும் ஒருத்தி.

ஆனால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அவர்கள் வீட்டுக் கோழி மாமியின் கீரைப்பாத்தியைக் கிளறியது, மாமி விறகுக்கட்டையை எறிந்தார், கோழி நொண்டியானது. அதற்கு மேல் இரண்டு வீட்டாரும் சொன்ன வார்த்தைகளை யாரும் எனக்கு முழுதாகச் சொல்லவில்லை. "அந்த வீட்டு வாசப்படிய மிதிச்ச, அப்புறம் இந்த வீட்டு வாசப்படி கெடையாது" என்று வந்த அன்றே மாமி சொல்லிவிட்டார். அங்கேயும் அதே சட்டம் என்று கேள்வி. அதனால் எதிரே வந்தால்கூட அந்த அக்கா முகத்தை நான் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலையில் மாமி கயிற்றை அவசரமாக மாட்டிவிட்டுப் போயிருந்தார். மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தது. கதவு மெல்லத் திறந்தது. எங்கள் ஆடு தலையை நீட்டியது. நனைந்து, தாடியில் தண்ணீர் சொட்ட, என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு நேராக வந்து என் ரொட்டியைக் கவ்வியது. "ச்சூ, போ" என்று கத்தினேன். ஆடு நின்ற இடத்திலேயே மெல்ல ஆரம்பித்தது. டம்ளரை எடுத்து எறிந்தேன். ஆட்டின்மேல் படாமல் குடத்தில் பட்டு, குடம் உருண்டு, தண்ணீர் முழுக்க என் பாயை நனைத்தது. நான் நகர முடியாமல் அந்த ஈரத்தில் கிடந்தேன். ஆடு சாவகாசமாகத் தின்று முடித்து, வாசலில் கொஞ்சம் புழுக்கையும் போட்டுவிட்டுப் போனது.

அதுவரை நான் சத்தம் வராமல்தான் அழுவேன். அன்று வாய்விட்டு அழுதேன். கால் ஒடிந்தபோதுகூட அப்படி அழவில்லை.

சுவருக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னா புள்ள? யாரு செத்தா?"

அழுகை நின்றுவிட்டது. பதில் சொல்லலாமா என்று தெரியவில்லை. பிறகு சொன்னேன். "ஆடு... ஆடு ரொட்டிய தின்னுருச்சுக்கா."

அங்கே ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"யாரு வூட்டு ஆடு?"

"எங்க வூட்டு ஆடுதான்."

"அப்ப ஒங்க மாமியாருகிட்ட சொல்லு. விறகுக்கட்டய எடுத்து எறிவாங்க."

எனக்கு எப்படிச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. மூக்கு ஒழுக, முதுகு நனைந்திருக்க, சிரித்தேன். அந்தப் பக்கமும் சிரிப்பு. கைப்பிள்ளை விழித்துக்கொண்டு கத்தியது. அதற்குப் பாட்டுப் பாடித் தூங்கவைத்துவிட்டு அக்கா கேட்டார், "வேற என்னா இருக்கு திங்க?"

"ஒண்ணுமில்லக்கா. பரவாயில்ல."

ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்சத்தில் சுவருக்கு மேலே ஒரு கம்பு நீண்டது. கொழுந்து எடுக்கும்போது செடியின் மட்டம் பார்க்க வைத்துக்கொள்வோமே, அந்த மட்டக்கம்பு. அதன் நுனியில் பழைய சேலைத்துணியில் ஒரு முடிச்சு. கம்பு ஆடி ஆடி என் மார்புக்கு மேலே வந்து நின்றது. அவிழ்த்தால் சூடான ரொட்டி, கொஞ்சம் சம்பல்.

"வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னுதான சொல்லிருக்காங்க. செவுத்துக்கு மேல ஒண்ணும் சொல்லலையே" என்றது குரல்.

அன்றிலிருந்து பகலில் நாங்கள் பேச ஆரம்பித்தோம். லயமே வேலைக்குப் போயிருக்கும் நேரம். அக்காதான் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். மத்தியானம் ஆனதும் கூப்பிடுவார்.

"இன்னைக்கு ஒன் வூட்டுக் கஷ்டம் என்னா? சொல்லு."

அன்று நடந்த ஏதாவது ஒரு இடைஞ்சலைச் சொல்ல வேண்டும். ஆனால் கேட்கிறவளுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி சொல்ல வேண்டும். சிரிக்காவிட்டால் முதலிலிருந்து திரும்பச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு வரவில்லை. ஒழுகலைப் பற்றிச் சொன்னால் ஒழுகல் மாதிரியே இருக்கும். அக்கா கொட்டாவி விடுவது கேட்கும். "இது பொலிசுல குடுக்கற முறப்பாடு மாதிரி இருக்கு புள்ள. திரும்ப சொல்லு" என்பார். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டது. சொட்டு இப்போது என் நெற்றியைக் குறிபார்க்கிறது, நான் தலையை நகர்த்தினால் அதுவும் யோசிக்கிறது என்று சொன்ன நாளில்தான் அவரை முதல்முறை சிரிக்கவைத்தேன்.

அக்கா கெட்டிக்காரி. விறகு நனைந்து அடுப்பு பிடிக்காததை அவர் சொன்னால், அடுப்பு ஒரு பிடிவாதக்காரப் புதுமாப்பிள்ளை ஆகிவிடும். புருஷன் தவறணையில் குடித்துவிட்டு வந்ததைச் சொன்னார். இருட்டில் சோற்றுச் சட்டியைப் பெண்சாதி என்று நினைத்துக்கொண்டு, அதன் எதிரே உட்கார்ந்து விடாமல் திட்டினாராம். சட்டி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லையாம். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மாவுக்கட்டுக்குள் அரிப்பு எடுக்கும்போது பைத்தியம் பிடிக்கும். அதை நான் கஷ்டக்கணக்கில் சொன்னதும், அடுத்த நாள் கம்பின் நுனியில் உடைந்த குடையின் கம்பி ஒன்று வந்தது. அதைக் கட்டுக்குள் விட்டுச் சொறிந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்தது. அப்படி ஒரு சுகம்.

ஒரு நாள் கேட்டேன், "இப்பிடி சிரிச்சா கஷ்டம் போயிருமாக்கா?"

"போவாது புள்ள. பொழுது போவும்ல" என்றார்.

டொக்டர் வரச்சொன்ன நாள் வந்தது. கட்டைப் பிரிக்கப்போகிறார்கள், நடந்தே திரும்பிவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாமியின் நல்ல சேலை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். லொறி ஹட்டன் கடைவீதி வழியாகப் போனது. மல்லிகைச்சரம், துணிக்கடையில் தொங்கும் ரிப்பன், குடை பிடித்துப் போகிற ஜனம். ரயில் கூவும் சத்தம் கேட்டது. இவ்வளவும் நான் படுத்துக்கிடந்த நாளெல்லாம் நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கட்டை வெட்டிப் பார்த்தார்கள். எலும்பு இன்னும் கூடவில்லை. இன்னொரு கட்டு. இன்னும் அதே அளவு காலம், அல்லது அதற்கு மேலும்.

திரும்பும் வழியில் கடைவீதி வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதே அறையில், அதே பாயில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். ஆணிகள் எல்லாம் அப்படியே இருந்தன.

அடுத்த நாள் மத்தியானம் அக்கா கூப்பிட்டார். "இன்னைக்கு ஒன் வூட்டுக் கஷ்டம் என்னா?"

நான் கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"புள்ள?"

"என்னைய விட்டுருங்கக்கா" என்றேன். "ஒங்களுக்கு வெளாட்டா இருக்கு. நீங்க நெனச்சா எந்திரிச்சு வெளிய போவலாம்."

"வெளிய போயி மட்டும் எங்க போவப்போறேன்?" என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

அதற்குப் பிறகு சில நாள் அவரும் கூப்பிடவில்லை. அந்த நாட்கள்தான் எல்லாவற்றிலும் மோசமானவை. சாப்பாடு இறங்கவில்லை. மாமி வைத்த ரொட்டியை வைத்தபடியே சாயந்திரம் திருப்பிக் கொடுப்பேன். கதவின் கயிறு காற்றில் இழுபடும் சத்தம் கேட்டால், யாரோ வேண்டுமென்றே என்னைக் கட்டிவைத்திருக்கிற மாதிரி தோன்றும். எழுந்து அந்தக் கதவை உடைத்துக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டாவது இறம்பொடைக்குப் போய்விட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

அப்படி ஒரு மத்தியானத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை கேட்டது. பிள்ளையின் அழுகை இல்லை. வாயில் துணியை வைத்து அடக்கிக்கொண்டு ஒரு பெரிய ஆள் அழுகிற சத்தம். கேட்காத மாதிரி இருந்தேன். நிற்கவில்லை.

"அக்கா" என்றேன். "என்னாக்கா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதில் வந்தது. "அடுத்த கெழம வேலைக்கு எறங்கணும். பச்சப்புள்ளய புள்ள மடுவத்துல ஆயாகிட்ட விட்டுட்டுப் போவணும்." பிறகு, "அவரு சட்டியத் திட்டுனாருன்னு சொன்னேன்ல."

"ஆமாக்கா."

"சட்டிய இல்ல புள்ள. திட்டுனதோட விடவும் இல்ல."

அன்று அந்தக் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் நான். அந்தப் பக்கம் அழுகை தொடர்ந்தது. எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் காலும் இல்லை, வாசற்படியும் இல்லை. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே கிடக்கப் பயந்துதான் வாயைத் திறந்தேன். ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன்.

எல்லா இடத்திலும் சிங்களம் என்று ஆகியிருந்த காலம். கட்டுப் பிரிக்கும் அறையில் இருந்த ஆளுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. என் வீட்டுக்காரருக்குச் சிங்களத்தில் தெரிந்தது "ஓவ் மாத்தயா" என்பது மட்டும்தான். ஆமாங்க ஐயா என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு அவர் எந்தக் கடையிலும் எந்த ஒப்பீசிலும் சமாளித்துவிடுவார்.

"அந்தாளு 'ரிதெனவாத'ங்கிறாரு. வலிக்குதான்னு கேக்குறாராம். இவரு 'ஓவ் மாத்தயா'ங்கிறாரு. 'ஹொந்தத'ங்கிறாரு. நல்லா இருக்கான்னு. அதுக்கும் 'ஓவ் மாத்தயா'. அந்தாளு என்னையப் பாத்து, இவரப் பாத்து, கடைசியா, நடக்க முடியுமான்னு கேட்டுருக்காரு. 'எவிதின்ன புளுவன்த?' இவரு இன்னும் சத்தமா, 'ஓவ் மாத்தயா!'"

அழுகை கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

"அப்பறம்?"

"அப்பறம் என்னா, அந்தாளு என் ரெண்டு கையையும் புடிச்சுத் தூக்கி நிறுத்திட்டாரு. நானு இவர் மேல சாய, இவரு மாவு வாளி மேல சாய, அந்தாளு எங்க ரெண்டு பேரு மேலயும் விழுந்தாரு. எந்திரிச்சுப் பாத்தா, எங்க வூட்டுக்காரரு தலையிலேருந்து காலு வரைக்கும் மாவு. விபூதி பூசுன சாமியாரு மாதிரி நிக்கிறாரு. நர்சம்மா ஓடியாந்து என்னா நடந்துச்சுன்னு கேக்குறாங்க. அப்பவும் அவரு..."

"ஓவ் மாத்தயாங்கிறாரா?" என்றார் அக்கா.

"நர்சம்மாவ!"

அக்கா சிரித்தார். சிரிப்புக்கு நடுவே விசும்பலும் வந்தது, அதற்கு நடுவே திரும்பவும் சிரிப்பு. எனக்கும் அப்படித்தான். விழுந்த அந்த நேரத்தில் அவமானமும் வலியும் தவிர எதுவும் எனக்குத் தெரியவில்லை. சொல்லும்போதுதான் அது வேடிக்கையாகவும் இருந்திருக்கிறது என்று கண்டுகொண்டேன். ஆனால் சிரித்து முடித்த பிறகு கால் ஒடிந்தபடியேதான் இருந்தது. அக்காவின் புருஷனும் சாயந்திரம் வழக்கம்போலத்தான் வரப்போகிறார்.

அதற்கடுத்த இரண்டொரு நாளில் மாட்டிக்கொண்டோம். மழை பலத்துவிட்டதால் கொழுந்தை நேரத்தோடு எடை போட்டு, ஆட்களை அனுப்பிவிட்டார்கள். நாங்கள் பேச்சு மும்முரத்தில் கவனிக்கவில்லை. சுவருக்கு மேலே கம்பு நீண்டு, முடிச்சு ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் கதவு திறந்தது. தலையில் கம்பளி, உடம்பெல்லாம் தண்ணீர், கையில் ஒரு அட்டை கடித்த இரத்தம். மாமி நின்றார்.

அந்தப் பக்கம் அக்காவுக்கு எதுவும் தெரியாது. "புடிச்சுக்க புள்ள, கையி வலிக்குது" என்றார்.

மாமி கம்பளியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கம்பின் நுனியிலிருந்து முடிச்சை அவரே அவிழ்த்தார். உள்ளே அவித்த வத்தாளங்கிழங்கு. ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டு, நின்றபடியே மென்றார். விழுங்கினார். பிறகு சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"உப்பு பத்தல."

கம்பு இலேசாக நடுங்கியது. பிறகு மெதுவாக ஒரு குரல்:

"கெழங்குக்கு உப்பு போடறதில்ல பெரியம்மா."

"போடணும்" என்றார் மாமி. அடுப்பங்கரைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பை எடுத்துவந்து, அதே துணியில் முடிந்து, கம்பில் கட்டி மேலே தள்ளிவிட்டார்.

அதை வைத்து இரண்டு வீடும் ஒன்றாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். வாசற்படிச் சட்டம் அப்படியே இருந்தது. அன்று சாயந்திரம் வாளியை எடுக்கும்போது மாமி என்னைத் திட்டினார். "ஊரே நம்மளப் பாத்துச் சிரிக்குது. நீ உள்ள படுத்துக்கிட்டு ஊரோட சேந்து சிரிக்கிறியாக்கும்." ஆனால் மறுநாள் காலை கயிறு மாட்டும் முன்பு, என் பக்கத்தில் ஒன்றுக்கு இரண்டாக ரொட்டி வைத்துவிட்டுப் போனார். மத்தியானம் கம்பு வந்தபோது ஒன்றை அதில் கட்டி அனுப்பினேன்.

அடுத்த கிழமை அக்கா வேலைக்கு இறங்கிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் பகலெல்லாம் அமைதி. பழகிப்போன பிள்ளையின் அழுகைகூட இல்லை. அந்த விளையாட்டை நான் தனியாக ஆடிப்பார்த்தேன். இன்றைய கஷ்டம் என்ன என்று எனக்கு நானே கேட்டு, எனக்கு நானே சொன்னேன். சொல்ல வந்தது, சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடி, இறம்பொடையில் எங்கள் லயத்திலிருந்து அருவிக்குப் போகிற வழியை ஒவ்வொரு வளைவாக நினைத்து நடந்துபோவேன். சில நாள் அது உதவும். சில நாள் பாதி வழியில் அழுகை வந்துவிடும்.

அடைகிற நேரம் மட்டும் காத்திருந்தேன். வேலை விட்டு வந்ததும் அக்கா அடுப்பு மூட்டிக்கொண்டே, மடியில் இருக்கும் பிள்ளையிடம் சொல்கிற மாதிரி, லயம் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பிப்பார். "அடேய் ராசா, இன்னைக்கு ஒங்கம்மாவுக்கு என்னா ஆச்சு தெரியுமா? கங்காணியாரு காதுல அட்ட ஏறிருச்சு. அவரு குதிக்கிறாரு, நாங்க ஆடுறாருன்னு நெனச்சு கையத் தட்டுறோம்." புருஷன் வீட்டில் இருந்தால் ஒரு வரியோடு நிறுத்திவிடுவார். அந்த ஒரு வரியை நான் அடுத்த நாள் முழுக்க வைத்திருப்பேன். எங்கள் இஸ்தோப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும் மாமியின் முதுகு சில நேரம் குலுங்கும். முகத்தை மட்டும் திருப்ப மாட்டார்.

மழைக்காலம் போய், பனி விழத் தொடங்கிய பிறகுதான் இரண்டாவது கட்டை எடுத்தார்கள். எலும்பு கூடியிருந்தது, கொஞ்சம் கோணலாக. அந்தக் கால் இன்றும் அப்படித்தான். செங்குத்து மலையில் அதன் பிறகு என்னை விடவில்லை. பிள்ளை மடுவத்தில் ஆயாவுக்கு உதவியாகப் போட்டார்கள். அந்த அறையில் அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் இருந்தோம். ஜன்னல் யாரும் வைத்துத் தரவில்லை.

கட்டு எடுத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் வெட்டிக் கொடுத்த கம்பை ஊன்றிக்கொண்டு, இடுப்பில் ஒரு குடத்தோடு, லயத்துக் கோடியில் இருக்கும் பீலிக்குப் போனேன். மலையிலிருந்து குழாயில் இறங்கி வருகிற தண்ணீர் அங்கேதான் விழும். கால் என் கால் மாதிரியே இல்லை. குச்சியாக, வெளுத்துப்போய், தோல் உரிந்து கிடந்தது. வழியெல்லாம் பனிமூட்டம். இவ்வளவு நாள் ஏங்கிய வெளியுலகத்தில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

பீலியில் அக்கா நின்றார். இடுப்பில் பிள்ளை.

நான் நினைத்து வைத்திருந்ததைவிட அவர் குட்டை. முகத்தில் ஒரு பக்கம் லேசான வீக்கம், அதை முந்தானையால் மறைத்திருந்தார். பிள்ளையின் ஒவ்வொரு அழுகையும் எனக்குத் தெரியும், பசிக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. ஆனால் அதன் முகத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். பெரிய காது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்கவில்லை.

சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எல்லாவற்றையும் பேசித்தீர்த்தவர்கள் நாங்கள். நேருக்கு நேர் நின்றபோது இரண்டு பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. நான் என் கம்பைப் பார்த்தேன். அவர் தன் குடம் நிறைவதைப் பார்த்தார். குடம் வழிந்தது.

"தண்ணி புடிக்கணுமா?" என்றார்.

"ம்."

இடுப்பிலிருந்த குடத்தை இறக்கப்போனேன், கம்பை விட முடியவில்லை. அவர் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, தன் குடத்தை நகர்த்தி, என் குடத்தை வாங்கிப் பீலியின் கீழ் வைத்தார்.